கொரோனா ஆன்டிபாடி டெஸ்ட் ரிப்போர்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? கேளுங்க, சொல்றேன்

ஈரோட்டுல ஒரு லேப்ல மைக்ரோபயாலஜி பாக்கறனுங்க. ஆன்டிபாடி (கிருமியை எதுத்து ஒடம்பு உண்டாக்கற புரதம்) ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து ஆளாளுக்குத் தனித்தனியா அனுப்பறீங்க, அதனால எல்லாரும் இங்கயே கேளுங்க.

கோபி அண்ணன்: காய்ச்சல் வந்த நாலாம் நாள் எடுத்தேனுங்க, நெகட்டிவ். மூக்குல சளி எடுத்துப் பாத்த பிசிஆர் பாசிட்டிவ். எதுங்க தப்பு?

ரெண்டுமே தப்பில்லீங்ணா. ஆன்டிபாடி ரத்தத்துல தெரியவே ஒண்ணுலருந்து மூணு வாரம் ஆகும், நாலாம் நாள்ல எடுத்தா இல்லாததை எப்படி காட்டும். ரெண்டு வாரம் தாண்டி எடுத்தா அதே கிட்டு எச்சாப் புடிக்கும். இப்ப கொரோனா இருக்கான்னு பாக்கறதுக்கு பிசிஆர்தானுங்க, ஏற்கனவே வந்துட்டுப் போச்சான்னு பாக்கத்தான் இது.

திருப்பூர் தம்பி: கிட் டப்பால 95 சதவீதம்னு போட்டிருக்கே அக்கா, அப்ப என் பாசிட்டிவ் 95 சதவீதம் உண்மைதானே?

இங்கதான் தம்பி எல்லாரும் ஏமாறது. ஒரு ஊர்ல 1000 பேரு, அதுல நெசமாலுமே வந்துட்டுப் போனது 50 பேருன்னு வை. 95 சதவீதக் கிட்டு (வந்தவங்களையும் வராதவங்களையும் நூத்துக்கு 95 தடவை சரியாச் சொல்றது) அந்த 50ல சுமார் 47 பேரைப் புடிக்கும். மீதி 950 பேருல நூத்துக்கு அஞ்சு பேருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும், அதுவும் சுமார் 47 பேரு. ஆக பாசிட்டிவ்ல பாதி பொய்! நோய் கம்மியா பரவுன ஊர்ல எவ்வளவு நல்ல கிட்டா இருந்தாலும் இந்தத் தொல்லை இருக்கும், பாதி ஊருக்கு வந்துட்டுப் போன எடத்துல அதே கிட்டு பிரமாதமாத் தெரியும்.

பொள்ளாச்சில இருந்து ஒரு அம்மிணி: அப்ப அதை எப்படிங்க சரி பண்றது? எல்லாத்துக்கும் ரெண்டு டெஸ்டுன்னா செலவு டபுள் ஆகுமுங்களே?

எல்லாத்துக்கும் வேண்டாம் அம்மிணி, பாசிட்டிவ் வந்தவங்களுக்கு மட்டும் ரெண்டாவது கிட்டுல பாத்தாப் போதும். மேல சொன்ன 94 பேரையும் அதே தரத்துல வேறொரு கிட்டுல போட்டா, நெசத்துல 45 பேரு தங்கும், பொய்யில ரெண்டு மூணு பேருதான் தப்பிக்கும். ஆனா ஒண்ணு, ரெண்டாவது கிட்டு வைரஸோட வேற புரதத்தைப் பாக்கறதா இருக்கோணும், மொதல்ல ஸ்பைக்குன்னா (வைரஸ் மேல நீட்டிட்டிருக்கற முள்ளு) அடுத்தது நியூக்ளியோகேப்சிட் (உள்ள மரபுப்பொருளைச் சுத்தியிருக்கற புரதம்). ஒரே கிட்டையே ரெண்டு தடவை ஓட்டுனா அதே தப்பு மறுக்காவும் வரும், காசுதான் தெண்டம்.

கோயமுத்தூர் எம்எல்டி (லேப் டெக்னாலஜி) ஸ்டூடண்ட்: மேடம், எங்க எலிசா (ஆன்டிபாடி இருந்தா நிறம் மாறற டெஸ்ட்) பிளேட்ல, ரத்தமே ஊத்தாத பிளாங்க் வெல்லு (குழி) கூட நீலமா வருது. கிட்டு சரியில்லையா?

கிட்டைத் திட்டறதுக்கு மின்ன பிளேட்டைக் கழுவற வாஷர் மெஷினைப் பாரு கண்ணு. நூத்துக்குத் தொண்ணூறு அங்கதான் இருக்கும். கழுவற தண்ணியான வாஷ் பஃபர்ல இருக்கற உப்பு காஞ்சு நாசில் (தண்ணி வர்ற குழாய் முனை) அடைச்சிருக்கும், ஒரு வரிசை வெல்லு மட்டும் பாதிதான் ரொம்பும், அங்க ஒட்டாம நிக்கற கான்ஜுகேட் (நிறம் வர வைக்கற என்சைம் ஒட்டுன ஆன்டிபாடி) கழுவாம தங்கிரும், நிறம் குடுக்கற டிஎம்பி ஊத்துனதும் நீலம், ரியாக்ஷனை நிறுத்தற ஸ்டாப் சொல்யூஷன் போட்டதும் மஞ்சள், நிறத்தை அளக்கற ரீடர் 450 நானோமீட்டர்ல படிச்சு பாசிட்டிவ்னு சொல்லிரும். ஊசி விட்டு நாசிலைக் குத்திப் பாரு, கடைசி வாஷ் முடிஞ்சதும் பிளேட்டைக் கவுத்து டிஷ்யூ மேல நல்லா தட்டு. ஆன்டிபாடி இல்லைன்னு தெரிஞ்ச நெகட்டிவ் கண்ட்ரோல் எல்லை தாண்டுச்சுன்னா அந்தப் பிளேட்டை மொத்தமா தூக்கிப் போடோணும், ‘பேஷன்ட் வெயிட் பண்றாரு’ன்னு ரிப்போர்ட் குடுக்கறதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. கிட்டுல புது லாட் (பேட்ச்) வந்தா, ரிசல்ட் தெரிஞ்ச பழைய சீரம் (ரத்தத்துல தெளிஞ்சு நிக்கற தண்ணி) நாலஞ்சை ஓட்டிப் பாத்துட்டு ஆரம்பி. 2019க்கு முந்தி ஃப்ரீசர்ல வச்ச சீரம் கெடைச்சா அதுதான் தங்கம், அதுல பாசிட்டிவ் வந்தா கண்ணை மூடிட்டு பொய்னு சொல்லிரலாம்.

பெருந்துறை அண்ணன்: கோவிஷீல்டு போட்டேன், ஒரு லேப்ல பாசிட்டிவ், இன்னொண்ணுல நெகட்டிவ்.

ரெண்டாவது லேப்பு நியூக்ளியோகேப்சிட் பாத்திருப்பாங்கண்ணா. கோவிஷீல்டு ஸ்பைக்குக்கு மட்டுந்தான் ஆன்டிபாடி தரும். கோவாக்சின் முழு வைரஸைக் கொன்னு செஞ்சது, அதுல ரெண்டுமே வரலாம். என்ன ஊசின்னு ரிப்போர்ட் ஃபாரத்துலயே எழுதிருங்க.

தாராபுரம் தம்பி: ஆன்டிபாடி எனக்கு 250, மாமாவுக்கு 900. அவருக்கு எச்சா பாதுகாப்பா?

ஒரே கிட்டா, ஒரே யூனிட்டான்னு பாரு மொதல்ல. கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் வேற வேற. உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பர்ல பொதுவா ஒரு ஸ்டாண்டர்டு வச்சுது, பிஏயூ-ன்னு (ஆன்டிபாடி ஒட்டறதை அளக்கற பொது யூனிட்) போட்டிருந்தா ஓரளவு ஒப்பிடலாம். அப்பவும் நம்பரை மட்டும் நம்பி அசட்டையா இருக்காதே.

கரூர் அக்கா: முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறேன், டெஸ்டுக்குப் பாதிக்குமா?

சில மெஷினுக்குப் பாதிக்குமுங்க்கா. அது பயோட்டினை வச்சே வேலை செய்யற முறை. ரத்தம் குடுக்கறப்ப டோஸைச் சொல்லிருங்க, எத்தனை மணி நேரம் விடோணும்னு கிட்டோட வர்ற தாள்லயே போட்டிருப்பாங்க. மூட்டுவாதத்துக்கு ஆர்எஃப் (ருமட்டாய்டு ஃபேக்டர்) பாசிட்டிவ் இருக்கறவங்களும் சொல்லோணும், ஐஜிஎம் (ஒரு ஆன்டிபாடி வகை) டெஸ்டுல பொய் பாசிட்டிவ் வரலாம்.