கேள்வி – பதில்: கடித ஆங்கிலம்

கேள்வி: துணி ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிறேன். ஒரு கடிதத்தை ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடித்திருந்தேன். மேலாளர் ‘ஹியர்’ என்பதை அடித்து ‘ஹியரிங்’ ஆக்கிவிட்டார். ‘டு’வுக்குப் பின் வினைச்சொல் அப்படியே வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?
– வாசகி, கரூர்

பதில்: மேலாளர் திருத்தியதே சரி. ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வகை. ‘வான்ட் டு ஹியர்’ என்பதில் வருவது வினையோடு ஒட்டியது. நீங்கள் பள்ளியில் படித்தது இதைத்தான். ‘கோ டு சென்னை’ என்பதில் வருவது நம் ‘கு’ உருபைப் போன்றது. அதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘லுக் ஃபார்வர்டு டு’ இந்த இரண்டாம் வகை. தமிழிலும் ‘கேள்’ என்பதோடு ‘கு’ நேராகச் சேராது, ‘கேட்பதற்கு’ என்றாக வேண்டும் அல்லவா? வினையைப் பெயராக்கும் அந்த வேலையை ஆங்கிலத்தில் ‘இங்’ செய்கிறது.

சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ நிற்கிறது, ஆகவே ‘ஹியரிங்’. ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்கவில்லை, ஆகவே ‘ஹியர்’. இதே கணக்கில்தான் ‘வீ ஆர் கமிட்டட் டு டெலிவரிங் ஆன் டைம்’, ‘வீ ஆப்ஜெக்ட் டு பேயிங் தி பெனால்ட்டி’ என்பவையும் வருகின்றன.

இந்தச் சோதனை ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு: ‘அக்ரீ’. ‘வீ அக்ரீ டு யுவர் டெர்ம்ஸ்’ என்பது சரிதான். ஆனாலும் வினை வரும்போது ‘வீ அக்ரீ டு பே’ என்றே எழுத வேண்டும், ‘பேயிங்’ அல்ல. ஒப்பந்தக் கடிதங்களில் அடிக்கடி வரும் சொல் என்பதால் இதைத் தனியாகவே மனத்தில் வையுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமைக்குள் ஆவணங்களை அனுப்பச் சொல்லி, ‘ப்ளீஸ் சென்ட் தி டாக்குமென்ட்ஸ் வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதினேன். இதில் என்ன தவறு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நம் ‘-க்குள்’ இரண்டு வேலை செய்கிறது: ‘மூன்று நாளுக்குள்’ என்போம், ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். கால அளவுக்கு ‘வித்தின்’ (‘வித்தின் த்ரீ டேஸ்’). நாளையோ மணியையோ கெடுவாகக் குறித்தால் ‘பை’ (‘பை ஃப்ரைடே’). ‘டில் ஃப்ரைடே’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும். வெள்ளி வரை தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருங்கள் என்றாகும்.

பணம் சம்பந்தப்பட்ட கடிதமானால் ‘பை’யும் போதாது. அந்த நாளும் கெடுவில் சேருமா என்று வாதம் வரலாம். ‘ஆன் ஆர் பிஃபோர் 5 ஜூன்’ என்று எழுதினால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்று போட்டால் நமக்கு ஜூன் 5, அமெரிக்காவில் இருப்பவருக்கு மே 6. கிட்டத்தட்ட ஒரு மாத வித்தியாசத்தில் சரக்கும் நிற்கும், பணமும் நிற்கும்.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ பிழையா? எல்லோரும் எழுதுகிறார்களே!
– வாசகி, மதுரை

பதில்: பிழைதான். ‘விலையைப் பற்றிப் பேசினோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டதால், ‘வீ டிஸ்கஸ்டு தி பிரைஸ்’ போதும். பெயர்ச்சொல்லானால் கதை வேறு: ‘எ டிஸ்கஷன் அபவுட் தி பிரைஸ்’ சரியே. ‘ஆர்டர்’ என்ற சொல்லும் இப்படித்தான். ‘வீ ஆர்டர்டு 500 பீசஸ்’ என்று வினையாக வந்தால் நடுவே ஒன்றும் வேண்டாம். ‘அவர் ஆர்டர் ஃபார் 500 பீசஸ்’ என்று பெயராக வந்தால் ‘ஃபார்’ வேண்டும். ‘ரிக்வெஸ்ட்’டுக்கும் இதே விதி.

கேள்வி: ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ – எதை எங்கே போடுவது?
– வாசகர், சேலம்

பதில்: நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கப்படி, ‘டியர் சார்’ என்று பெயரில்லாமல் தொடங்கினால் ‘ஃபெய்த்ஃபுல்லி’, ‘டியர் மிஸ்டர்’ என்று பெயரோடு தொடங்கினால் ‘சின்சியர்லி’. அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதும்போது ‘சின்சியர்லி’ என்று மட்டும் போடலாம். ‘யுவர்ஸ்’ என்பதில் ‘எஸ்’ஸுக்கு முன் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) போடாதீர்கள்.