சூழலியல் படிக்க விரும்பும் மகளைப் பற்றி, அவளுடைய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். காட்டையும் பறவையையும் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்? மருத்துவம், பொறியியல் எதுவும் கிடைக்கிற மதிப்பெண்ணோடு ஒரு பெண் சூழலியல்தான் வேண்டும் என்று நிற்கும்போது எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கவலைப்படாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. வேலையைப் பற்றிச் சொல்லும் முன், அந்தத் துறைக்காரர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஒன்றைச் சொல்கிறேன்.

1990களில் தெற்காசியாவில் பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் அவற்றை எண்ணி வைத்திருந்த பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ், பத்தாண்டு கழித்துத் திரும்ப எண்ணியபோதுதான் சரிவு கண்ணில் பட்டது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஓர் ஆய்வுக் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, மாடு செத்த பிறகும் அதன் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகைக் கொன்றிருக்கிறது. 2004ல் இது உலகத்துக்குத் தெரிந்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கழுகுக்குக் கேடில்லை என்று சோதித்துக் காட்டினார்கள். 2006ல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன.

மாட்டுக்கு மருந்து போட்ட யாரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. இயற்கையில் மனிதன் செய்கிற சேதத்தில் பெரும்பகுதி இப்படித்தான், நாம் பார்க்காத பக்கத்தில் போய் விழுகிறது. கழுகு போன பிறகு திறந்தவெளியில் கிடந்த இறைச்சியைத் தின்று தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அபாயமும் கூடியது.

இதில் வேலை பார்த்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெயிலில் நின்று எண்ணியவர், கால்நடை மருத்துவர், திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர், மருந்தின் வேதியியல் தெரிந்தவர், எண்களைக் கணக்கிட்டவர், சட்டம் எழுதியவர், கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தவர். உங்கள் மகள் போக நினைக்கும் இடம் இவ்வளவு அகலமானது. கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் திரிவது அதில் ஒரு சிறு மூலைதான்.

அதனால் அவளிடம் நான் சொல்லப்போவது இது: உயிர்கள் மேல் ஆசை இருக்கட்டும், அதோடு கைத்தொழில் போல ஏதாவது ஒன்றில் ஆழமாகத் தேர்ச்சி வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் புள்ளியியல். அடுத்து, செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் கையாளுகிற ஜிஐஎஸ். மரபணு ஆய்வு, நீர் வேதியியல், சுற்றுச்சூழல் சட்டம் எல்லாம் அவள் விருப்பம். ஆசை மட்டும் இருப்பவர்கள் நிறையப் பேர் வேலை தேடி வருகிறார்கள். ஆசையோடு கணக்கும் தெரிந்தவரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

புள்ளியியலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1992ல் கனடா, நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. நூற்றாண்டுகளாகப் பிழைப்பு தந்த மீன் அது. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போயிற்று. கடலில் உள்ள மீனை இருப்பதைவிட அதிகமாகக் கணக்கிட்டிருந்தார்கள். மீன் குறையக் குறைய, மிச்சமிருந்தவை ஓரிடத்தில் நெருங்கிக் கூடிக்கொண்டன. கப்பல்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வலை நிறையப் பிடித்தன, பார்த்தவர்களுக்கு மீன் வளம் குறையாதது போலவே தெரிந்தது. அந்த எண்களைச் சரியாகப் படிப்பது எவ்வளவு பேருடைய சோற்றோடு சேர்ந்த விஷயம் என்று உங்களுக்கே புரியும்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? 2019ல் வந்த பன்னாட்டு அறிக்கை ஒன்று, சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. நிலத்தையும் கடலையும் நாம் மாற்றுவது, அளவுக்கு மீறி எடுப்பது, காலநிலை மாற்றம், மாசு, வெளியிலிருந்து வந்து பரவும் உயிரினங்கள் என்று ஐந்து காரணங்களை அது முன்வைத்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆள் தேவைப்படுகிறது. சாலையோ அணையோ சுரங்கமோ வருமுன் பாதிப்பை மதிப்பிட வேண்டும். கெட்டுப்போன சதுப்புநிலத்தை மீட்க வேண்டும். 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாக 2022ல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை நடத்திக் காட்டவும் ஆட்கள் வேண்டும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்த வேலைதான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். முதுகலை இல்லாமல் மேலே ஏறுவது கடினம், ஆராய்ச்சிக்குப் போனால் முனைவர் பட்டமும் வேண்டும். கூடப் படித்தவர்கள் வீடு வாங்கும் வயதில் இவள் கூடாரத்தில் இருக்கலாம். அதை அவளிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள், பயமுறுத்துவதற்காக அல்ல. இன்னொன்று: பணம் கட்டினால் விலங்குகளோடு தன்னார்வலராக இருக்கலாம் என்று அழைக்கும் திட்டங்களில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். சுற்றுலாவாகப் போய்வர ஆசை என்றால் சரி, அதை வேலை அனுபவம் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பொறுமையைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒரு பறவை இருக்கிறது. 1974ல் மொரீஷியஸ் வல்லூறுகள் காட்டில் 4 மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. காட்டின் அழிவும் டிடிடி பூச்சிக்கொல்லியும் அவற்றை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் அங்கே போனார். கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துத் தனியாகப் பொரிக்க வைத்தார்கள், தாய்ப் பறவை மறுபடியும் முட்டையிட்டது. கூடுதல் இரை கொடுத்தார்கள், வளர்ந்த குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். பிறகு அந்த இனம் நூற்றுக்கணக்கில் பெருகியது. ஜோன்ஸ் தன் வாழ்க்கையின் பல பத்தாண்டுகளை அந்தத் தீவிலேயே செலவிட்டார். இதைக் கேட்டதும் உங்கள் மகளின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நான் சொல்வதைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இளங்கலையில் சூழலியல் என்ற பெயர்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். விலங்கியல், தாவரவியல், புள்ளியியல், கால்நடை மருத்துவம் எதிலிருந்தும் முதுகலையில் இங்கே வரலாம். உங்களுக்கும் இது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூன்று ஆண்டு கழித்து மனம் மாறினாலும் கையில் உள்ள பட்டம் வீணாகாது.

அப்புறம் ஒரு சின்ன வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மரத்தையோ குட்டையையோ அவள் தேர்ந்தெடுக்கட்டும். வாரம் மூன்று நாள், ஒரே நேரத்தில், அரை மணி நேரம். வந்த உயிர்களின் பெயர், எண்ணிக்கை, வானிலை எல்லாவற்றையும் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போட்டுக் கேட்கலாம். ஒன்றும் வராத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அது மிக முக்கியம். மூன்று மாதம் விடாமல் செய்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள், நினைவுபடுத்தாதீர்கள். பிறகு அந்த நோட்டோடு இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம் என்பதை அதை விரித்து வைத்துக்கொண்டு பேசுவோம்.