ஒற்றை சைன் அலைக்குள் வெப்பநிலை அடங்கவில்லையா?

கேள்வி: வெப்பமண்டலக் கடற்கரை நிலையம் ஒன்றின் 12 ஆண்டு தினசரி வெப்பநிலைப் பதிவு என்னிடம் இருக்கிறது. தினசரி சராசரிக்கு, ஆண்டுக்கு ஒருமுறை சீராக ஏறி இறங்கும் ஒரு சைன் வளைவைப் பொருத்தினேன். கோடை உச்சத்தை அது தொடவே இல்லை. மழை மாதங்களிலோ மேலேயே நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: கணக்கில் தவறில்லை. அந்த வளைவு வேறு ஊருக்குத் தைத்த சட்டை, அவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம் என்பது குளிர்நாடுகளுக்குச் சரி. கடக, மகர ரேகைகளுக்கு இடையில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. நடுவில் மழைக்காலம் வேறு புகுந்து வெயிலை மறைக்கும். ஆகவே 365.25 நாள் அலையோடு, அதில் பாதி நீளமுள்ள அலையையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் சைன், கொசைன் (அதே வடிவம், கால் அலை தள்ளி) என மொத்தம் நான்கு உறுப்புகள். சாதாரண நேரியல் பொருத்தமே (linear regression) போதும்.

அப்புறம், சராசரியைக் கைவிடுங்கள். பகல் உச்சத்தையும் இரவுத் தாழ்வையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். பகலில் வெயிலைத் தடுக்கும் அதே மேகம், இரவில் தரையின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். உச்சம் இறங்கும், தாழ்வு அந்த அளவுக்கு இறங்காது, சில நாள் ஏறவும் செய்யும். சராசரி எடுத்தால் இந்த இழுபறி கண்ணில் படாது.

இனி, எந்த அலைக்கும் பிடிபடாத ஒன்று: கடற்காற்று. நிலம் சூடேறியதும் அது உள்ளே வந்துவிட்டால், அன்றைய வெப்பநிலை பெரும்பாலும் அதோடு ஏறாமல் நின்றுவிடும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வலுவான காற்று வீசினால் கடற்காற்று தாமதமாகும், உச்சம் எகிறும். காலை நேரக் காற்றின் திசை கையில் இருந்தால் அதையும் ஒரு மாறியாகச் சேருங்கள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, கால் பங்கு நீளமுள்ள மூன்றாவது, நான்காவது அலைகளைச் சேர்ப்பதைவிட இதில்தான் பலன் அதிகம் என்பது என் கணிப்பு.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் பிழை, அதாவது மாதிரி (model) சொல்வதற்கும் பதிவுக்கும் உள்ள வித்தியாசம், நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டே வரும். முந்தைய நாள் பிழையையும் மாதிரியில் சேருங்கள். சோதிக்கும்போது நாட்களைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். பக்கத்து நாள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி 2 ஆண்டுகளை அப்படியே ஒதுக்கிவைத்து, 'நேற்றுபோலவே இன்றும்' என்ற சோம்பேறிக் கணிப்பை உங்கள் மாதிரி முந்துகிறதா என்று பாருங்கள். இந்தக் காலநிலையில் சோம்பேறி லேசில் தோற்பதில்லை!

12 ஆண்டில் தெரியும் ஏறுமுகத்தை எதிர்காலத்துக்கு நீட்ட வேண்டாம். காலநிலை சராசரிக்கே 30 ஆண்டுப் பதிவைத்தான் எடுப்பது வழக்கம்.