நகையை அடகு வைத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் பெயின்டர், நான் வீட்டு வேலைக்குப் போகிறேன். மாதம் 21,000 வரும், மழைக்காலத்தில் அதுவும் குறையும். மகளுக்கு 5 வயது. தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60,000 ஆகிறது. 3 பவுன் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமானது, அதற்காகக் கையிருப்பு மொத்தத்தையும் கரைக்கும் நிலைமை வந்திருப்பதுதான் அநியாயம். ஆனால் ஃபீஸ் ஒரு வருஷச் செலவு இல்லை, 12 வருஷச் செலவு. அடகுக்கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் 60,000-க்கு மாதம் 1,200 வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்க, அடுத்த ஜூனில் மறுபடி 60,000 கேட்பார்கள், அப்போது அடகு வைக்க நகை இருக்காது.

முதலில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஃபீஸ் இல்லாமல் சேர்க்கும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பியுங்கள். வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு அந்த வரம்பு இல்லை என்று சொல்லி சாதிச் சான்றிதழைக் காட்டுங்கள். ஆனால் குலுக்கலில் கிடைத்தாலும் 8-ஆம் வகுப்பு வரைதான், வேன் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

கிடைக்கவில்லையா? அரசுப் பள்ளியில் சேருங்கள், ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பணக் கணக்கிலும் இதில் லாபம் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது, மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தனியாரில் தொடங்கினாலும் 6-ஆம் வகுப்புக்குள் மாற்றிவிட்டால் இவை கைவிட்டுப் போகாது.

அரசுப் பள்ளி என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் போதாமல் இருக்கலாம், ஒரே வகுப்பில் கூட்டம் அதிகமாக இருக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், நீங்களும் உறுப்பினராகி ஆசிரியர் ஏன் வரவில்லை என்று நேராகக் கேளுங்கள், தீர்மானம் போட வையுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் மழைக்காலத்துக்கு இரண்டு மாதச் செலவை வங்கியில் ஒதுக்குங்கள். அப்புறம் தபால் நிலையத்தில் பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு, வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். மகளுக்குப் 10 வயது ஆவதற்குள் தொடங்கிவிடுங்கள், 10-ஆம் வகுப்பு முடித்ததும் மேற்படிப்புக்கு அதில் பாதி வரை எடுக்கலாம்.