அலகுக்கு தனி ரூட்டு: பறவைகளோட தொடு உணர்ச்சி, உங்க கேள்விகள்

இறகுல உயிரே இல்லையே, அப்புறம் லேசா தொட்டாலே கிளி எப்படி திரும்புது?

இறகுல நரம்பு கிடையாது, சரிதான். ஆனா இறகு நட்டுக்கிட்டு நிக்கிற குழியைச் சுத்தி தோலுக்குள்ள ஹெர்ப்ஸ்ட் கார்பசல்னு அடுக்கடுக்கா உறை போட்ட குட்டி குட்டி அதிர்வு சென்சார் இருக்கு. கோழி உரிச்சவங்களுக்கு தெரியும், எல்லா இறகையும் பிடுங்கின பிறகும் தோல்ல ரோமம் மாதிரி கொஞ்சம் நிக்கும், அதைத்தான் தீயில வாட்டுவாங்க. அதுக்கு பேரு ஃபைலோப்ளூம். பக்கத்து இறகு கலைஞ்சா இது அசையும், அடியில இருக்கிற சென்சார் உடனே சிக்னல் அனுப்பிடும்.

வாத்து கலங்கல் தண்ணியில கண்ணு தெரியாம எப்படி இரை எடுக்குது?

வாத்தோட அலகுல நுனியில மட்டும்தான் நகம் மாதிரி கெட்டி, மத்ததெல்லாம் மெத்துனு தோல். அதுக்குள்ள ஹெர்ப்ஸ்ட்டும் இருக்கு, கிராண்ட்ரினு இன்னொரு வகையும் இருக்கு. அங்க வர்ற நரம்புகள்ல பீசோ2 னு ஒரு புரதம், அழுத்தம் பட்டா திறந்து அயனிகளை உள்ள விடும், மின் சிக்னல் அங்கதான் ஆரம்பிக்குது. நம்ம விரல் நுனியிலயும் இதே புரதம்தான், இதைக் கண்டுபிடிச்ச ஆர்டெம் படாபூட்டியனுக்கு 2021 நோபல்ல பங்கு கிடைச்சது.

சரி, அந்த சிக்னல் மூளைக்கு எந்த வழியா போகுது?

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, ஏன்னா ரெண்டு வழி இருக்கு. கால், இறக்கை, நெஞ்சுல தொட்டா தண்டுவடம் ஏறி, மூளைத்தண்டுல ஒரு ஸ்டாப், தலாமஸ்ல (மூளைக்கு நடுவுல சிக்னலை வாங்கி அனுப்புற ஜங்ஷன்) இன்னொரு ஸ்டாப், அப்புறம் முன்மூளையில வுல்ஸ்ட்னு மேடா இருக்கிற இடத்தோட முன்பக்கம். நமக்கும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனா அலகுல தொட்டா ட்ரைஜெமினல்னு முகத்துக்கான நரம்பு வழியா மூளைத்தண்டுக்கு வந்து, அங்கேர்ந்து தலாமஸைக் கண்டுக்கவே கண்டுக்காம நேரா முன்மூளையில பேசோரோஸ்ட்ராலிஸ்ங்கிற இடத்துக்கு போயிடுது! நம்ம முகத்துல தொட்டா கூட தலாமஸ் வழியாத்தான் போகணும். வாத்து, கிளி, சேத்துல அலகை குத்திக் குத்தி தேடுற உள்ளான் இதுங்களுக்கெல்லாம் இந்த பேசோரோஸ்ட்ராலிஸ் நல்லா பெருத்திருக்கு.

ஹம்மிங்பர்டுக்கும் இதே மாதிரிதானா?

வழி அதேதான். ஆனா இறக்கையோட முன்விளிம்புல மெல்ல காத்து ஊதினாலே முன்மூளையில ஒரு கூட்டம் நியூரான் (நரம்பு செல்) சுறுசுறுப்பாயிடுது. அந்தரத்துல நிக்கிற பறவையாச்சே.

தூங்குற பறவைக்கு பூனை மரம் ஏறுறது தெரியுமா?

கால் எலும்புகளுக்கு நடுவுலயும் ஹெர்ப்ஸ்ட் வரிசையா இருக்கு. காத்துல கிளை மெதுவா ஆடுறதுக்கு அது பெருசா அசராது, பட்டையை நகம் சுரண்டுற மாதிரி படபடனு வர்ற அதிர்வைத்தான் நல்லா பிடிக்கும்.