ககுமா சூரிய மின் ஒப்பந்தமும் முப்பது நாள் விதியும்

வணக்கம். கென்யாவின் ககுமா அகதிகள் முகாமில் ஐ.நா. அமைப்பு ஒன்றின் வளாகத்துக்குப் பத்தாண்டுகள் சூரிய மின்சாரம் விற்க முன்வந்தும், முப்பது நாள் முன்னறிவிப்பில் அவர்கள் விலகலாம் என்ற விதியால் வங்கி கடன் மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியின் அச்சம் நியாயமானதே. முகாம் 1992 முதல் நிலைத்திருந்தாலும், அத்தகைய அமைப்புகளுக்கான நன்கொடை பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகத்தான் வருகிறது.

விதியை நீக்கக் கோருவதைவிட, விலகலுக்கு ஒரு விலை வைப்பதே என் பரிந்துரை. முதலாண்டில் விலகினால் முதலீட்டின் பெரும்பகுதியையும், பிறகு ஆண்டுதோறும் குறைந்துவரும் தொகையையும் செலுத்த வேண்டும் என்ற அட்டவணையை ஒப்பந்தத்தில் சேருங்கள். அதற்கு முன்கூட்டியே நிதி ஒதுக்க இயலாது என்பார்கள். அப்போது நன்கொடை நாடொன்றின் உத்தரவாதத்தைப் பெற்றுத்தருமாறு கேளுங்கள். தகடுகளையும் மின்கலங்களையும் கழற்றி வேறிடத்தில் பொருத்தும்படி கொள்கலன் வடிவில் அமைத்தால், உத்தரவாதம் ஈடுகட்ட வேண்டிய இழப்பே சுருங்கும். இதைப் பலர் பொறியியல் விருப்பமாகவே பார்க்கிறார்கள். எனக்கோ இதுதான் மிக மலிவான காப்பீடு.

ஐ.நா.வின் சலுகைகள், விலக்குரிமைகள் பற்றிய 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு; அதாவது, அது தானே விட்டுக்கொடுத்தாலன்றி அதன்மீது நீதிமன்றத்தில் வழக்கு நடத்த இயலாது. எனவே உள்ளூர் நீதிமன்றத்தை நம்பாமல் நடுவர் தீர்ப்பு விதியைத் தெளிவாக எழுதுங்கள். கடன் டாலரில் என்றால் கட்டணமும் டாலரிலேயே இருக்கட்டும்.

மீண்டும் வங்கிக்குச் செல்லும் முன், சூரிய மின்சாரத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று காட்ட, அவ்வளாகத்தின் ஓராண்டு டீசல் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.