சேற்றுக்கு அடியில் ஒரு மீன்

அன்புள்ள ஐயா,

கடந்த டிசம்பரில் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் டெத் வேலிக்குப் போய்வந்தேன். லாஸ் வேகாஸிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பிவிட்டோம். ஸப்ரிஸ்கி பாயிண்ட், ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட், பேட்வாட்டர், மணல்மேடு என்று ஏழு இடம் பார்த்தோம். பாலை நிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆசையோடு போனவன் நான். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். கல், மண், உப்பு. வேறு ஒன்றுமில்லை. ஒருவேளை கோடையில் போனால்தான் அந்த இடத்தின் உண்மையான முகம் தெரியுமோ? ஜூலையில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மறுபடி போகலாமா? அங்கே கற்கள் தானாக நகர்கின்றனவாமே, அது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அதே பள்ளத்தாக்கில் பார்த்த ஒரு மீனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் முழுக்க அந்த நினைப்புதான். அதனால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஜூலை விஷயம். கூடாது. வயதானவர்களை அழைத்துக்கொண்டு ஜூலையில் டெத் வேலிக்குப் போவது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் யோசனை. 1913 ஜூலை 10-ஆம் தேதி 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. 1972-இல் அங்கே தரையின் வெப்பத்தை அளந்தபோது 93.9 டிகிரி. இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. கார் நின்றுவிட்டால் பல இடங்களில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. வெயில் ஏறிய நேரத்தில் காற்று லேசாகிவிடுவதால் மீட்பு ஹெலிகாப்டர்கூட பறக்க முடியாமல் போகும். வெயிலைச் சகித்துக்கொண்டால்தான் அந்த நிலம் முகம் காட்டும் என்று யார் சொன்னது? அந்த மண்ணின் சொந்தக்காரர்களான திம்பிஷா ஷோஷோனி மக்களே கோடையில் மலைமேல் ஏறிவிடுவார்கள், குளிர் வந்ததும் கீழே இறங்குவார்கள்.

நகரும் கற்கள் பற்றிச் சுருக்கமாக. ரேஸ்ட்ராக் என்ற அந்த வறண்ட ஏரிப்படுகையில் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் தேங்கும். குளிர்கால இரவில் அது கண்ணாடிபோல மெல்லியதாக உறையும். காலை வெயிலில் பனித்தகடு உடைந்து, லேசான காற்றில் மிதந்து கல்லைத் தள்ளும். அடியில் சேறு வழுக்கும், தடம் பதியும். 2014-இல் ஆய்வாளர்கள் நேரில் பார்த்தே எழுதிவிட்டார்கள். மர்மம் முடிந்தது.

அந்த 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரே பகலில் ஏழு இடம் என்றால் ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் நின்றிருப்பீர்கள்? கதவைத் திறந்து, படம் எடுத்து, கதவைச் சாத்தியிருப்பீர்கள். மேலும், ஊர்ப்பெயரையே நம்பிப் போயிருக்கிறீர்கள். மரணம் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1849-இல் தங்கம் தேடிக் கிளம்பிய ஒரு கூட்டம் வழிதவறி அங்கே மாட்டிக்கொண்டது. பள்ளத்தாக்கிலேயே இறந்ததாகத் தெரிவது ஒரே ஒருவர். தப்பி வெளியேறும்போது திரும்பிப் பார்த்து யாரோ சொன்ன சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. திம்பிஷா மக்களோ அங்கே கிடைக்கும் செங்காவி மண்ணைக் கொண்டு தங்கள் இடத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்த இடம் அவர்களுக்கு. அந்த நிலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது.

எனக்கும் முதல்முறை உங்கள் அவசரம்தான் இருந்தது. ஒரு மார்ச் மாதம். கூட வந்தவர் நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சூரியன் மறைவதற்குள் ஸப்ரிஸ்கி பாயிண்ட் போய்விட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அவர் சால்ட் க்ரீக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓடை என்று சொல்லவே தோன்றாத அளவுக்கு ஒல்லியான நீர், கணுக்கால்கூட நனையாது. கரையெல்லாம் வெள்ளை உப்பு. "தம்பி, குனிஞ்சு பாரு" என்றார். எரிச்சலோடு குனிந்தேன்.

விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். ஆண்மீனின் உடம்பில் நீலம் ஏறியிருந்தது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு திட்டு நீரைத் தன் வீடாக்கிக்கொண்டு, நெருங்கிய இன்னொன்றை விரட்டியது, திரும்பி வந்தது, மறுபடி விரட்டியது. நாய்க்குட்டிகள் விளையாடுவதுபோல இருப்பதால் பப்ஃபிஷ் என்று பெயராம். பாலைவனத்தில் மீன் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் உப்புவெளியைக் கைகாட்டி, "இதெல்லாம் ஏரி" என்றார்.

பனியுகத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஆழமான ஏரியாக இருந்தது. பிறகு மழை குறைந்தது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரத்தை மலைத்தொடர்கள் ஒவ்வொன்றாக வழிமறித்துக்கொள்ள, இன்று வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவுதான் மழை. ஏரி வற்றி உப்பாயிற்று. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, பேட்வாட்டரில் நீங்கள் மிதித்து நடந்தது அதன் மிச்சத்தைத்தான். மீன்கள் மட்டும் எஞ்சிய ஓடையில் ஒதுங்கி, கடல்நீரைவிட உப்பான நீரையும் கோடையின் சூட்டையும் தாங்கப் பழகிக்கொண்டன. அந்த இனம் வேறெங்கும் கிடையாது. ஏரியும் முழுதாகப் போய்விடவில்லை. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் ஒரு வருடத்து மழையை ஒரே நாளில் கொட்டியது. பேட்வாட்டரில் மறுபடி தண்ணீர் நின்றது. 2024 பிப்ரவரியில் அங்கே படகு விட்டார்கள்.

நீங்கள் ஓடைக்கே போயிருந்தாலும் டிசம்பரில் மீனைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். குளிரில் அவை அடிச்சேற்றுக்குள் அசையாமல் கிடக்கும். ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்ன நாளில் அவை அங்கேதான் இருந்தன.

அன்று நாங்கள் ஸப்ரிஸ்கி பாயிண்டுக்குப் போகவில்லை. இருட்டும்வரை ஓடைக்கரையிலேயே இருந்தோம். அவர் இப்போது இல்லை.

அப்பா அம்மா பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா பாருங்கள். பிப்ரவரி கடைசியோ மார்ச்சோ நல்ல காலம். அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வண்டியில் இருக்கட்டும். விடிவதற்கு முன் பேட்வாட்டரில் இருந்தால், கீழே இருட்டாக இருக்கும்போதே எதிரே டெலஸ்கோப் சிகரத்தின் உச்சியில் வெயில் விழுவது தெரியும். அப்புறம் ஓடைக்குப் போங்கள். அம்மாவுக்கு உட்கார மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன்கள் சிதறி ஓடிவிடும். பேசாமல் இருங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும்.